ராக் பேண்டை ரெக்கார்ட் செய்வது எப்படி: டிரம் ஸ்கின் முதல் மாஸ்டரிங் வரை முழுமையான வழிகாட்டி

மேடையில் நெஞ்சை அதிரவைக்கும் பேண்ட், தன் முதல் ரெக்கார்டிங்கைக் கேட்டதும் பேச்சற்று உட்காருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஸ்னேர் டிரம்மில் கனம் இருக்காது. கிட்டார்கள் மெல்லிசாக இரையும். பாடகர் எங்கோ பின்னால் நின்று பாடுவதாகத் தோன்றும். பழி உடனே, பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங் மேல் விழும். உண்மையில் காரியம் கெட்டது அதற்கு வெகு முன்பே: டிரம்மின் பழைய ஸ்கினில் (அடிக்கும் தோலில்), வெறும் அறையில், இடம் தவறிய மைக்கில்.

ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டம் கொடுத்ததை வைத்துத்தான் வேலை செய்ய முடியும். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் என்று நான்கு பேர் கொண்ட பேண்ட், எட்டு மைக்கைக் கணினியோடு இணைக்கக்கூடிய ஒரு இன்டர்ஃபேஸ், நடுத்தரமான ஓர் அறை. இவ்வளவுதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஷூர் எஸ்.எம்.57 போன்ற டைனமிக் மைக் மூன்று, காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்முக்கு ஒரு தனி மைக், கண்டென்சர் மைக் இரண்டு. கண்டென்சர் மைக் வேலை செய்ய மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது ஃபேண்டம் பவர் தேவை. உங்கள் இன்டர்ஃபேஸ் அதை எந்தெந்த இன்புட்டில் தருகிறது என்று முதலிலேயே பாருங்கள். அப்புறம் ஒரு டி.ஐ. பாக்ஸ் (பேஸையோ கிட்டாரையோ ஆம்ப் இல்லாமல் நேரடியாக இணைக்கும் பெட்டி), காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன் ஆளுக்கொன்று, உறுதியான ஸ்டாண்டுகள், அளக்கும் டேப்.

மாற்றுக் கம்பிகள், டிரம் கீ, கூடுதல் குச்சிகள், கேபிள்கள் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரு கம்பி அறுந்து கடைக்கு ஓடும் நேரத்தில் பேண்டின் சூடு ஆறிவிடும்.

மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமையுங்கள். 24 பிட்டில் இரைச்சலின் தளம் மிகக் கீழே இருப்பதால் லெவலை உச்சத்துக்கு ஏற்றிப் பதிவு செய்யும் தேவையே இல்லை.

1. எந்த மாதிரி ஒலி என்று முதலில் முடிவெடுங்கள்

நிர்வாணா என்ற அமெரிக்க ராக் பேண்டின் இரண்டு ஆல்பங்களை அடுத்தடுத்துக் கேளுங்கள்: 1991இல் வந்த ‘நெவர்மைண்ட்’, 1993இல் வந்த ‘இன் யூடெரோ’. பேண்டில் அதே மூவர்தான். முதல் ஆல்பத்துக்கு புட்ச் விக் புரொட்யூசர், மிக்ஸ் செய்தவர் ஆண்டி வாலஸ். குரலும் கிட்டாரும் பல இடங்களில் இரட்டித்துப் பதிவானவை. எல்லாமே பளபளவென்று முன்னால் வந்து நிற்கும். இரண்டாவதைப் பொறியாளர் ஸ்டீவ் அல்பினி அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள பேச்சிடெர்ம் ஸ்டுடியோவில் சுமார் இரண்டு வாரத்தில் முடித்தார். டிரம்ஸைச் சுற்றி ஏராளமான மைக்குகள், அறையின் ஒலி அப்படியே உள்ளே, குரல் வாத்தியங்களோடு ஒட்டிக்கொண்டு சற்றுத் தாழ்வாக. அதிலிருந்து இரண்டு பாடல்களை பிறகு ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார்.

இரண்டில் எது சரி என்பது ரசனை. ஆனால் இரண்டும் பதிவுக்கு முன்பே எடுத்த முடிவுகளால் வந்தவை. உங்கள் பேண்ட் சேர்ந்து உட்கார்ந்து மூன்று மாதிரிப் பாடல்களைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: டிரம்ஸில் அறை கேட்கிறதா, வறண்டிருக்கிறதா? குரல் கிட்டாருக்கு மேலே நிற்கிறதா, நடுவிலா? கிட்டார் எத்தனை அடுக்கு?

இதை எழுதாமல் தொடங்கும் பேண்டில், டிரம்மர் மனதில் ஒரு ஆல்பம், கிட்டாரிஸ்ட் மனதில் வேறொன்று இருக்கும். அந்தச் சண்டை மிக்ஸிங் மேசையில் வெடிக்கும். அப்போது மைக் வைத்த தூரத்தை யாராலும் மாற்ற முடியாது.

2. பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்

ரிகர்சலை அறையின் நடுவில் ஒரு போனை வைத்துப் பதிவு செய்யுங்கள். அதிலேயே பாட்டு தெளிவாகக் கேட்டால் ஒழுங்கமைப்பு சரி. கேட்கவில்லை என்றால், பாடகரும் கிட்டார் வாசிக்கும் பேண்டில் அநேகமாக இரண்டு கிட்டார்களும் ஒரே இடத்தில் ஒரே கார்டை அடித்துக்கொண்டிருக்கும். ஒருவர் மேலே போகட்டும், அல்லது அந்த இடத்தில் சும்மா இருக்கட்டும். இது இலவசமாகக் கிடைக்கும் மிக்ஸிங்.

கிக் விழும் இடத்தில் பேஸும் விழுகிறதா என்று இருவரை மட்டும் தனியாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். கிளிக் டிராக் (ஹெட்ஃபோனில் வரும் தாளச் சத்தம்) வேண்டுமா என்பதையும் இப்போதே தீர்த்துவிடுங்கள். வெவ்வேறு டேக்குகளை (ஒவ்வொரு முறை வாசித்த பதிவுகளை) வெட்டி ஒட்டப்போகிறீர்கள் என்றால் கிளிக் அவசியம். பேண்ட் இயல்பாகவே கோரஸில் சற்று வேகமெடுத்து, அதுதான் பாட்டின் உயிர் என்றால், கிளிக்கை விட்டுவிடுங்கள். கிளிக்கோடு பழகாத டிரம்மருக்கு அன்று காலையில் அதை அறிமுகப்படுத்துவதுதான் மிக மோசமான முடிவு.

3. வாத்தியங்களைத் தயார் செய்யுங்கள்

ஸ்னேருக்கும் மற்ற டிரம்களான டாம்களுக்கும் புது ஸ்கின் போடுங்கள். செத்த ஸ்கினிலிருந்து அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவும் உயிரை எடுக்காது. டியூன் செய்யும்போது ஒவ்வொரு போல்ட்டுக்குப் பக்கத்திலும் தட்டி, ஒரே சுதி வரும்வரை சரிசெய்யுங்கள். டாமை அடித்தால் ஸ்னேர் கம்பி அதிர்வது சகஜம். அதை முழுக்க ஒழிக்கப் போராடாதீர்கள்.

ஸ்னேரில் ஒரு சின்ன முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மெட்டாலிகா என்ற மெட்டல் பேண்டின் 2003 ஆல்பம் ‘செயின்ட் ஆங்கர்’ போதும். ஸ்னேரின் அடிக்கம்பிகளை விலக்கிவிட்டு வாசித்தார்கள். கணீரென்று ஒலிக்கும் அந்த ஸ்னேர்தான் அந்த ஆல்பத்தைப் பற்றி எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

கிட்டாருக்கு முந்தைய நாளே புதுக் கம்பி போடுங்கள். அன்றே போட்டால் இழுபட்டுச் சுதி இறங்கிக்கொண்டே இருக்கும். இன்டொனேஷனைப் பாருங்கள்: திறந்த கம்பியும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டும் சரியாக ஒரு ஆக்டேவ் இடைவெளியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு டேக்குக்குப் பிறகும் டியூனரைத் தொடுங்கள். சற்று விலகிய இரண்டு கிட்டார்கள் அடுக்கானால் கனம் கூடாது, கலங்கல்தான் கூடும்.

டிரம்மருக்கு ஒரு தனிச் சொல். சிம்பலை மெதுவாக, டிரம்மை அழுத்தமாக அடிக்கப் பழகுங்கள். மேடைப் பழக்கத்தில் பலரும் நேர்மாறாக அடிக்கிறார்கள். சிம்பல் எல்லா மைக்கிலும் புகுந்துவிடும்; பிறகு ஸ்னேரைத் தூக்கினால் ஹை-ஹாட் சிம்பலும் சேர்ந்து எழும். எந்த விலையுயர்ந்த மைக்கும் செய்ய முடியாத வேலையை டிரம்மரின் கை செய்துவிடும்.

4. அறையைக் கேளுங்கள்

அறையின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். சுவருக்குச் சுவர் படபடவென்று மோதித் திரும்பும் சத்தம் வந்தால், எதிரெதிர்ச் சுவர்கள் வெறுமையாக இருக்கின்றன என்று பொருள். டைல்ஸ் தரையும் சிமெண்ட் சுவரும் கொண்ட நம் வீட்டு அறைகளில் இது கட்டாயம் வரும். தரையில் தடித்த ஜமக்காளம், ஒரு சுவரில் சாய்த்து வைத்த மெத்தை, மூலையில் நிறைந்த புத்தக அலமாரி. இவை போதும், தொடங்கலாம்.

முட்டை அட்டை ஒட்டுவது, சுவர் முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டுவது: இரண்டையும் செய்யாதீர்கள். மெல்லிய பொருள் மேல் அலைவரிசையை மட்டும் விழுங்கும். கீழ்ப்பகுதி அப்படியே முழங்கும். மங்கலாகவும் குழம்பலாகவும் கேட்கும் அறைதான் மிச்சம். கனமும் ஆழமும் உள்ள பொருள்தான் கீழ் அலைவரிசையைக் கொஞ்சமாவது அடக்கும்.

நேர்மாறான வழியும் உண்டு. 1971இல் லெட் செப்பலின் என்ற பேண்ட் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டில் பதிவு செய்தபோது, ‘வென் தி லெவி பிரேக்ஸ்’ பாடலுக்கு டிரம்ஸை மாடிப்படிகளின் கீழே உள்ள கூடத்தில் போட்டார்கள். பொறியாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டு பேயர்டைனமிக் எம்160 மைக்குகளை மேலே படிக்கட்டிலிருந்து தொங்கவிட்டார். அந்தப் பிரம்மாண்டம் உயரமான கூரையிலிருந்து வந்தது. உங்கள் வீட்டில் படிக்கட்டுக் கூடம் இருந்தால் ஒரு மாலையை அங்கே செலவழியுங்கள். தாழ்ந்த கூரை மட்டும்தான் இருக்கிறது என்றால் அறை ஒலிக்கு ஆசைப்படாமல் வறண்ட ஒலிக்குப் போங்கள்.

மின்விசிறியையும் ஏசியையும் டேக்கின்போது அணையுங்கள். இடைவேளையில் கதவைத் திறந்து எல்லோரும் மூச்சு வாங்கட்டும்.

5. டிரம்ஸுக்கு மைக்: ஓவர்ஹெட் முதலில்

புதியவர்கள் கிக்கில் ஒரு மைக், ஸ்னேரில் ஒரு மைக் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போய், கடைசியில் மீதமுள்ள இரண்டை மேலே எங்கோ மாட்டுவார்கள். வரிசையைத் தலைகீழாக்குங்கள். டிரம் கிட் ஒரே வாத்தியம். அதன் முழு உருவத்தை, மேலிருந்து கேட்கும் ஓவர்ஹெட் மைக்தான் கொடுக்கும். மற்றவை அதற்குத் துணை.

பொறியாளர் கிளின் ஜான்ஸ் பெயரால் அறியப்படும் முறையில் தொடங்குவது நல்லது. ஒரு கண்டென்சரை ஸ்னேருக்கு நேர் மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் வையுங்கள். இன்னொன்றை, தரையில் நிற்கும் பெரிய டாமான ஃப்ளோர் டாமுக்குப் பக்கவாட்டில், டாமின் விளிம்புக்குச் சற்று மேலே, ஸ்னேரைப் பார்த்தபடி வையுங்கள். இப்போது டேப்பை எடுத்து ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு மைக்குக்கும் உள்ள தூரத்தை அளந்து சமமாக்குங்கள்.

ஏன் சமம்? ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகும். ஒரே அடி இரண்டு மைக்கை வெவ்வேறு நேரத்தில் அடைந்தால், இரண்டையும் சேர்க்கும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்னேர் மெலிந்து போவதற்கு இதுதான் முதல் காரணம். ஃபேஸ் பிரச்சினை என்று சொல்வது இதைத்தான்.

இந்த இரண்டை மட்டும் பதிவு செய்து கேளுங்கள். கிட் நன்றாக இல்லை என்றால் அடுத்த மைக்கைத் தொடாதீர்கள். டியூனிங்குக்கோ அறைக்கோ திரும்பிப் போங்கள்.

அடுத்து கிக். மைக்கை முன் ஸ்கினின் ஓட்டைக்குச் சற்று உள்ளே வையுங்கள். உள்ளே போகப் போக ‘டக்’ கூடும், வெளியே வர வர ‘தும்’ கூடும். அதன் பிறகு ஸ்னேர்: விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில், மைக்கின் முதுகு ஹை-ஹாட்டைப் பார்க்கும்படி. எஸ்.எம்.57 போன்ற மைக் பின்பக்கம் குறைவாகவே கேட்கும் என்பதால் ஹை-ஹாட் ஓரளவு விலகும்.

ஒவ்வொரு மைக்கைச் சேர்த்ததும் மோனோவில் (இடம், வலம் இல்லாமல் ஒரே ஒலியாக) வைத்து, அந்த சேனலின் ஒலி அலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பட்டனை அழுத்தி எடுத்துப் பாருங்கள். எந்த நிலையில் அடிக்கனம் அதிகமாகக் கேட்கிறதோ அதுவே சரி. ஸ்னேருக்கு அடியிலும் மைக் வைத்தால் அதைப் பெரும்பாலும் திருப்பிப்போட வேண்டியிருக்கும். அடி விழும்போது மேல் ஸ்கின் மேல் மைக்கை விட்டு விலகுகிறது. கீழ் ஸ்கின் கீழ் மைக்கை நோக்கி வருகிறது.

6. லெவல்

மென்பொருளின் மீட்டரில் சராசரி மைனஸ் 18 டெசிபலைச் சுற்றியும், உச்சம் மைனஸ் 10ஐத் தாண்டாமலும் இருந்தால் போதும். சோதனைக்கு அடிக்கும்போது டிரம்மர் அடக்கமாக அடிப்பார். பாட்டு தொடங்கியதும் கை பலக்கும். அதனால் பாட்டின் மிகச் சத்தமான பகுதியை வாசிக்கச் சொல்லித்தான் லெவல் எடுக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்த டேக் எவ்வளவு நன்றாக வாசிக்கப்பட்டிருந்தாலும் மறுபடி எடுப்பதுதான் வழி.

7. பேஸும் கிட்டாரும்

பேஸை டி.ஐ. வழியாகவும் ஆம்ப் வழியாகவும் ஒரே நேரத்தில் எடுங்கள். டி.ஐ. சுத்தமான அடித்தளம் தரும், ஆம்ப் உறுமலைத் தரும். மைக்கின் ஒலி கொஞ்சம் தாமதமாக வருவதால் இரண்டு அலைவடிவங்களையும் திரையில் பெரிதாக்கி, நகர்த்திப் பொருத்துங்கள்.

கிட்டாரில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அளவுக்கு மீறிய டிஸ்டார்ஷன், அதாவது கரகரப்பு. தனியாக வாசிக்கும்போது அது கனமாகத் தெரியும். பதிவில் அடியின் முனை மழுங்கிவிடும். நான்கு அடுக்கு சேர்ந்தால் வெறும் இரைச்சல். அதைக் கூட்டும் கெயினை மேடையில் வைப்பதைவிடக் கணிசமாகக் குறையுங்கள். கனம் அடுக்குகளிலிருந்து வரட்டும்.

மைக்கை ஆம்ப் ஸ்பீக்கரின் துணியை ஒட்டி வைத்து, மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாக நகர்த்துங்கள். மையத்தில் கூர்மை, விளிம்புக்குப் போகப் போக மங்கல். ஒருவர் நகர்த்த, இன்னொருவர் அடுத்த அறையில் ஹெட்ஃபோனில் கேட்டுச் சொல்ல வேண்டும். ஆம்ப் முன்னால் நின்று காதால் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் உங்கள் காது ஸ்பீக்கருக்கு அருகில் இல்லை.

இடது, வலது என்று அகலம் வேண்டுமானால் அதே பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். ஒரு டேக்கை காப்பி செய்து மறுபக்கம் போட்டால் அகலம் வராது. அதே ஒலி நடுவில் சத்தமாகக் கேட்கும், அவ்வளவுதான். இரண்டு வாசிப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது. கூடவே ஆம்ப்புக்குப் போகும் சுத்தமான சிக்னலையும் டி.ஐ.யில் சேமித்துவையுங்கள். ஒலி பிடிக்காவிட்டால் அதையே பிறகு வேறு ஆம்ப் வழியாக அனுப்பிப் பதிவு செய்யலாம்.

8. சேர்ந்து வாசிப்பதா, தனித்தனியா?

முதல் ரெக்கார்டிங் என்றால் நடுவழியைச் சொல்வேன். டிரம்ஸும் பேஸும் இறுதிப் பதிவாக. கிட்டாரும் குரலும் வழிகாட்டியாக. எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தபடி ஒரே நேரத்தில். கிட்டார் ஆம்ப் மட்டும் பக்கத்து அறையில் இருக்கட்டும். பிறகு கிட்டாரையும் குரலையும் அதன் மேல் தனியாகப் பதிவு (ஓவர்டப்) செய்யுங்கள். அடித்தளத்தில் பேண்டின் மூச்சு இருக்கும், மேலே திருத்தவும் இடம் இருக்கும்.

டிரம்மரைத் தனியாக உட்காரவைத்து கிளிக்கை மட்டும் கேட்டு வாசிக்கச் சொன்னால், தாளம் சரியாக இருக்கும், பாட்டு இருக்காது. ஹெட்ஃபோன் மிக்ஸுக்கு நேரம் ஒதுக்குங்கள். ‘எனக்குப் பேஸ் கேட்கவில்லை’ என்று சொல்லக் கூச்சப்பட்டே நல்ல டேக்குகள் வீணாகின்றன. எந்த டேக்கில் எந்தப் பகுதி நன்றாக வந்தது என்று ஒருவர் காகிதத்தில் குறித்துக்கொண்டே இருக்கட்டும்.

9. குரல்

பாடகரை நாளின் கடைசியில் நிறுத்தாதீர்கள். பகல் முழுக்கக் கத்திப் பேசிய தொண்டை அது. மைக்கிலிருந்து ஒரு சாண் தூரம், நடுவில் காற்று மைக்கில் மோதாமல் தடுக்கும் பாப் ஃபில்டர். பாடகரின் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வையைத் தொங்கவிடுங்கள்: மைக் பாடகரைப் பார்க்கிறது, அதனால் அவருக்குப் பின்னால் உள்ள சுவரின் எதிரொலிதான் அதிகம் நுழையும்.

சுதி விலகினால் பாடகரைத் திட்டும் முன் ஹெட்ஃபோன் லெவலைக் குறைத்துப் பாருங்கள், அல்லது ஒரு காதைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள். தன் குரலே கேட்காத அளவுக்கு வாத்தியம் காதில் இரையும்போது சுதி நழுவும்.

கோரஸுக்கு ஓர் இரட்டைக் குரலை எடுத்துவையுங்கள். நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனுக்குக் குரலை இரட்டிப்பது பிடிக்காது. பீட்டில்ஸின் ஜான் லெனனும் அப்படிச் செய்தவர்தான் என்று சொல்லித்தான் புட்ச் விக் அவரைச் சம்மதிக்கவைத்தார். பாடகரின் மனம் அறிந்து பேசுவதும் புரொட்யூசரின் வேலைதான்.

10. மிக்ஸிங்: ஃபேடர் முதலில், பிளக்-இன் பிறகு

எல்லா பிளக்-இன்களையும் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களை) அணைத்துவிட்டு, மோனோவில், பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவு தாழ்ந்த சத்தத்தில், வெறும் ஃபேடர்களை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன்களை) வைத்துச் சமன்செய்யுங்கள். முன்கட்டங்கள் சரியாக நடந்திருந்தால் பாட்டு இங்கேயே பெரும்பாலும் அமைந்துவிடும். அமையவில்லை என்றால் எது குறை என்று இப்போது தெளிவாகத் தெரியும்.

பிறகு இடம் பிரியுங்கள். பேஸின் தாழ்ந்த இ கம்பி 41 ஹெர்ட்ஸ், கிட்டாருடையது 82 ஹெர்ட்ஸ். கிட்டார் டிராக்கில் அதற்குக் கீழே இருப்பது ஆம்ப்பின் உறுமலும் உள்ளங்கை அடியின் முழக்கமும்தான். 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிட்டால் பேஸுக்கும் கிக்குக்கும் மூச்சு கிடைக்கும். எல்லாம் சேர்ந்து மந்தமாக இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை கிட்டார்களில் சற்றுக் குறைத்துப் பாருங்கள். எதையும் சோலோவில் அழகாக்காதீர்கள். தனியாகக் கேட்க மெலிந்த கிட்டார், பேண்டோடு சேரும்போது சரியாக இருக்கும்.

பேஸைத் தாழ்த்தினால் கிட்டார் பெரிதாகும் என்று நினைப்பவர்கள் மெட்டாலிகாவின் 1988 ஆல்பம் ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ கேட்க வேண்டும். ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் அதில் காதுக்கு எட்டவே எட்டாது. வாசிப்பு அபாரம், ஆனாலும் கிட்டாருக்குக் கீழே தரை இல்லை. கிட்டாரின் கனம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு பேஸ்தான்.

ஈக்யூவோ, சத்தத்தின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரஷனோ போட்ட பிறகு, முன்னும் பின்னும் ஒரே சத்தத்தில் இருக்கும்படி சரிசெய்து ஒப்பிடுங்கள். சத்தம் கூடியது எப்போதுமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். மாதிரிப் பாடல்களையும் உங்கள் மிக்ஸ் அளவுக்குத் தாழ்த்தித்தான் கேட்க வேண்டும்.

11. மாஸ்டரிங்

முடிந்த மிக்ஸை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசி வேலை இது. முடிந்தால் மிக்ஸ் செய்யாத ஒருவரிடம் கொடுங்கள். பாட்டை நூறு முறை கேட்ட காது, குறையைக் கேட்பதை நிறுத்திவிட்டிருக்கும்.

சத்தத்தை ஏற்றுவதற்காக ஒலியின் உச்சங்களை நசுக்காதீர்கள். 2008இல் வந்த மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்தில் ஒலி முறிவது சாதாரண ரசிகர்களுக்கே கேட்டது. அதே பாடல்கள் கிட்டார் ஹீரோ விளையாட்டில் அவ்வளவு நசுங்காமல் வந்ததால் இரண்டையும் வைத்து ஒப்பிட்டார்கள். மிக்ஸ் தன்னிடம் வரும்போதே நசுங்கித்தான் வந்தது என்று அதை மாஸ்டர் செய்த டெட் ஜென்சன் சொன்னார். மாஸ்டரிங்குக்கு அனுப்பும் ஃபைலில் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரைப் போடாதீர்கள் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

இப்போது ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் சுமார் மைனஸ் 14 லஃப்ஸ் (காது உணரும் சத்தத்தின் அலகு) அளவுக்கு எல்லாப் பாடல்களையும் சமன்செய்கின்றன. நீங்கள் நசுக்கி ஏற்றிய சத்தத்தை அவர்கள் இறக்கிவிடுவார்கள். நசுங்கல் மட்டும் உங்களிடம் தங்கும். லிமிட்டர் உச்சங்களில் இரண்டு மூன்று டெசிபல் தொட்டால் போதும். ட்ரூ பீக் (ஒலியின் உண்மையான உச்சம்) மைனஸ் 1 டெசிபலில் நிற்கட்டும்.

இறுதி ஃபைலை கார், போன் ஸ்பீக்கர், சாதாரண இயர்ஃபோன் மூன்றிலும் தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் கேளுங்கள். போனில் பேஸ் மறைந்துவிட்டால் அதன் மேல் அலைவரிசைகளைச் சற்றுத் தூக்கி மறுபடி மிக்ஸ் எடுங்கள். குரல் இல்லாத மிக்ஸ் ஒன்றையும் அதே நாளில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வீடியோவுக்கோ மேடைக்கோ யாராவது கட்டாயம் கேட்பார்கள். திருத்தாத மூல டிராக்குகளை பாட்டின் பெயர், வேகம், டேக் எண் எழுதி இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம்.